லூலூவின் மணல் வாளி

மார்ச் 8, 2015 – ஞாயிறு

கஜனி லியோன் நகருக்குப் போய்விட்டாள். இரண்டு கிழமை ஸ்தாஜ், ஏதோ ஒரு கந்தோரில் வேலை பழகுகிறாளாம். போகும்போது தன் பச்சோந்தியை என் தலையில் கட்டிவிட்டாள். அவளுடைய அப்பா வரதராசா அண்ணை அதைத் தொடமாட்டார். "வேலியிலை போன ஓணானைப் பிடிச்சு மடியிலை விட்ட கதைதான் இது" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விடுகிறார். அவர் வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறவள் நான். இப்போது மடி என்னுடையது.

அதன் பெயர் லூலூ. கூடு என் கட்டிலுக்குப் பக்கத்தில். ஒரு கண் என்னைப் பார்க்கிறது, மற்றக் கண் கதவைப் பார்க்கிறது.

மத்தியானம் வவுனியாவிலிருந்து வள்ளிநாயகி மாமி போன் எடுத்தார். "தாட்சாவைப் பற்றி ஏதும் அறிஞ்சியோ, பிள்ளை?" "ஒண்டும் இல்லை, மாமி." தாட்சா அவருடைய ஒரே மகள், என்னோடு படித்தவள். காணாமல் போனோர் ஊர்வலம் எங்கே நடந்தாலும் மாமி மகளின் படத்தோடு முன்வரிசையில் நிற்பார். ஆறு வருடமாக அதே கேள்வி, அதே பொய். தாட்சா காணாமல் போகவில்லை. அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 10

லூலூ சாப்பிடவில்லை. சில்வண்டை மூக்குக்கு நேரே பிடித்தும் திரும்பிப் பார்க்கவில்லை. உடம்பு கறுத்து, மஞ்சளும் நீலமுமாகப் புள்ளிகள். வயிற்றில் கச்சான் கடலைகளை வைத்துத் தைத்ததுபோல முடிச்சு முடிச்சாக. படம் அனுப்பினேன். கஜனி உடனே எடுத்தாள்.

"முட்டை, சுஜா அக்கா! ஆண் இல்லாட்டிலும் போடும். வாளியிலை மணல் வையுங்கோ. துணியாலை மூடுங்கோ. பாக்கவே கூடாது. ஆரும் பாக்கினம் எண்டால் கிண்டுறதை விட்டிடும். முட்டை உள்ளுக்கே நிண்டு செத்திடும்."

மணல். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம்.

மார்ச் 11

விளையாட்டுச் சாமான் கடையில் இரண்டு பை மணல் வாங்கினேன். வாளி நிறையக் கொட்டி, கூட்டுக்குள் வைத்து, பழைய சேலை ஒன்றால் சுற்றி மூடினேன். பத்து நிமிடத்தில் தொடங்கிவிட்டாள். சுரண்டல். நிற்கும். மறுபடி சுரண்டல். வானொலியை உரக்கப் போட்டேன்.

மார்ச் 12

வேலைசெய்யும் இடத்திலும் கேட்கிறது. ரூ பெர்தொனே தெருச் சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம் குந்தியிருந்து வெங்காயம் உரித்தேன். மூட்டைக்கு அடியில் யாரோ சுரண்டினார்கள். தூக்கிப் பார்த்தேன். வெறும் நிலம்.

மார்ச் 13

வேலை முடிந்து வந்தால் அறை அமைதியாக இருந்தது. ஒரு தரம் மட்டும் பார்ப்போம் என்று சேலையை விலக்கினேன். லூலூ இல்லை. வாளியில் மணல் தட்டையாகக் கிடந்தது. இரண்டு நாளாகக் கிண்டியும் பள்ளத்தைக் காணோம், எல்லாம் சரிந்து மூடிவிட்டது. பிறகு அடியிலிருந்து சுரண்டல், மிக மெதுவாக.

இரண்டு கையாலும் கிண்டினேன். "தாட்சா, தாட்சா" என்று கத்தினேனாம், ஓடிவந்த வரதராசா அண்ணை சொன்னார். லூலூ கையில் வந்தாள், கன்னங்கரேலென்று, வாயைப் பிளந்து சீறிக்கொண்டு. முட்டை ஒன்றுகூடப் போட்டிருக்கவில்லை.

கஜனி போனில் அழுதாள். "ஏன் எடுத்தனீங்கள்? பூர்க்குவா, ஏன்? இனிப் போடாது, அக்கா. செத்திடும்."

என்னெண்டு சொல்லுவன் இவளுக்கு? கடைசிச் சண்டைக்குள்ளை, மாத்தளன் கரையிலை பங்கருக்குள்ளை தாட்சா இருந்தவள். நான் தண்ணி தேடிப் போட்டு வரேக்கை செல் விழுந்து பங்கர் மூடிப்போட்டுது. உள்ளுக்கிருந்து சுரண்டினவள். நான் கிண்டக் கிண்ட மணல் சரிஞ்சுகொண்டே இருந்தது. அடுத்த செல் விழுந்தது. ஓடினன். அவள் சுரண்டிக்கொண்டுதான் இருந்தவள் — நான் ஓடினன்.

மார்ச் 14

லூலூ கூட்டின் அடியில் கிடக்கிறாள், பட்டப்பகலில் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு. கஜனி மிருக வைத்தியரைக் கேட்டிருக்கிறாள். இன்னொரு முறை மணல் வைக்கட்டாம். திங்கட்கிழமைக்குள் போடாவிட்டால் வயிற்றை வெட்டித்தான் எடுக்கவேண்டும், பிழைப்பாள் என்று சொல்லமுடியாதாம்.

பிழை என்னுடையது. காய்ந்த மணலை அப்படியே கொட்டியிருக்கிறேன். காய்ந்த மணல் நிற்குமா? இது எனக்குத் தெரியாதா? தண்ணீர் தெளித்துப் பிசைந்தேன். கையில் பிடித்தால் பிடியாக நிற்கவேண்டும், விரலால் குத்தினால் துளை மூடக்கூடாது. மாத்தளனில் தெளிக்கத் தண்ணீர் இருக்கவில்லை. குடிக்கவே இருக்கவில்லை.

மார்ச் 15 – ஞாயிறு

காலை ஒன்பதுக்குத் தொடங்கினாள். சேலைக்கு இந்தப் பக்கம், கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். மாமி எடுத்தார். போன் அடிக்கிறது, உள்ளே சுரண்டுகிறது. போன் நின்றது. சுரண்டல் நிற்கவில்லை. மாமியின் அழைப்பை நான் எடுக்காமல் விட்டது இதுதான் முதல் தடவை.

மார்ச் 16

நேற்றுப் பின்னேரம் நாலு மணியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. வேலைக்குப் போகவில்லை. கிண்டவில்லை. கிண்டவில்லை.

மார்ச் 17

தானாகவே மேலே வந்துவிட்டாள்! வயிறு ஒட்டி, இமை நிறைய மணல். குழியையும் தானே மூடியிருக்கிறாள். தண்ணீர் குடித்தாள், மூன்று சில்வண்டு தின்றாள், பச்சை திரும்புகிறது. சந்தோசத்தில் குலுங்கிக் குலுங்கி அழுதேன். வாளியில் இருபத்தெட்டு முட்டை. ஆண் சேராத முட்டை, குஞ்சு வராதாம். எடுத்து வீசச் சொன்னாள் கஜனி, வீசிவிட்டேன்.

இதை எழுதும்போது லூலூ கிளையில் உறங்குகிறாள். வாளியில் மணலைத் தவிர ஒன்றும் இல்லை. வாளிக்குள் சுரண்டுகிறது.

மார்ச் 19

மணலைக் கீழே கொண்டுபோய்க் கொட்டிவிட்டேன். வெறும் வாளிக்குள்ளும் கேட்கிறது. வரதராசா அண்ணையைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். வாளிக்குள் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "எனக்கொண்டும் கேக்கேல்லை, தங்கச்சி" என்றார். என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனார், பாவம்.

மார்ச் 22 – ஞாயிறு

இன்று நானே மாமிக்கு எடுத்தேன். "மாமி, தாட்சா செத்திட்டாள். பங்கர் மூடிப்போட்டுது. நான் அங்கைதான் நிண்டனான்." சுரண்டியதைச் சொல்லவில்லை. அதை மட்டும் எனக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணியிருந்தேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அழவும் இல்லை, திட்டவும் இல்லை.

"எந்தத் திகதி, பிள்ளை? திவசம் குடுக்கோணும்."

"2009 ஏப்ரல் பதினேழு. வெள்ளிக்கிழமை."

"காலமையோ, பின்னேரமோ?"

"காலமை. ஏழு மணி இருக்கும்."

"ஏழுக்கு முன்னமோ, பின்னமோ? திதி மாறிப்போடும். ஐயர் கேப்பார்."

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "தெரியாது மாமி. ஏழு மணிக்கு நான் ஓடேக்கை அவள் உள்ளுக்குச் சுரண்டிக்கொண்டு இருந்தவள்."

மாமி கலண்டர்த் தாளைப் புரட்டுவது போனில் கேட்டது.

"அப்ப, ஏழுக்குப் பிறகெண்டு வைப்பம்" என்றார்.