துண்டுக் கடையில் டிரையர்

ஜூலை 6, ஞாயிறு

காலையிலிருந்து சாரல். மெயின் அருவியில் நல்ல தண்ணீர், நல்ல கூட்டம். எங்கள் துண்டுக் கடையில் பாதியைக் காலி செய்து வைத்த, துணி காய வைக்கும் டிரையர் மெஷின் இரண்டுக்கும் இன்றுதான் முதல் ஓட்டம். போர்டு நானே எழுதினேன்: ‘ஈரத்துணி உடனே காயும்.’ எழுத்து கோணல். போகட்டும்.

பக்கத்து சிப்ஸ் கடை அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். மாடியில் இருப்பது அவருடைய லாட்ஜ்.

“குத்தாலத்துக்கு நனையத்தாம்மா வருதாங்க. காய வைக்கவா வருதாங்க?”

அந்தப் பாதிக் கடை மேல் அவருக்கு ரொம்ப நாளாகக் கண். என் வீட்டுக்காரர் வாக்கே கொடுத்துவிட்டார். ஆடி முடிவதற்குள் மெஷின் கட்டுபடியாகாவிட்டால் பாதி அண்ணாச்சிக்கு, நேந்திரம் சிப்ஸ் போட. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மத்தியானம் இவருக்கு அப்பளம் கிடையாது.

சாயங்காலம் கடை வாசலில் வரிசை. சரி, ராத்திரி அப்பளம் பொரித்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

சாரலோடு இளவெயில். டிரையர் நிற்கவே இல்லை. துண்டு, டிரவுசர் வியாபாரம் படுத்துவிட்டது. காரணம் நானேதான். முன்பெல்லாம் நனைந்தவன் புதுசு வாங்கிக் கட்டிக்கொண்டு போவான். இப்போது பழசையே காய வைத்துப் போட்டுக்கொண்டு கிளம்புகிறான். மெஷின் வாங்கும்போது இது தோன்றவே இல்லையே!

இவர்: “ஏட்டி, நம்ம யாவாரத்துல நீயே மண்ணள்ளிப் போட்டுட்டியே.”

சிரித்துவிட்டுக் கல்லாவை இரண்டு தடவை எண்ணினேன்.

வாங்க வேண்டியது: பெரிய கூடை, பினாயில், இவருக்கு இருமல் மருந்து.

ஜூலை 10, வியாழன்

யாரோ எண்ணெய் தேய்த்துக் குளித்த துண்டு. பார்க்காமல் உள்ளே போட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் புகைவாடை! ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். தீப்பிடிக்கவில்லை, குற்றாலநாதர் புண்ணியம். கூடக் கிடந்த சட்டையெல்லாம் நல்லெண்ணெய் மணம். கொல்லத்துக்காரர் ஒருவர் முகர்ந்து பார்த்துவிட்டு, “சேச்சி, இது சட்டையா தோசையா?” கடையே சிரித்தது. புதுத் துண்டு கொடுத்துச் சமாதானம்.

இனி முகர்ந்து பார்க்காமல் எதுவும் உள்ளே போகாது. மூக்கு இலாகா இவருக்கு. எண்ணெய்த் துணியைத் திருப்பிக் கொடுத்து, “இது ஆவாது, புதுசு எடுத்துக்கோங்க” என்கிறார். துண்டு மறுபடி விற்கிறது. ஆளுக்குத் தலைகால் புரியவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

மலையில் பேய்மழை. அருவியில் குளிக்கத் தடை. ஞாயிற்றுக்கிழமை பார்த்தா! ரோடு வெறிச்சோடிக் கிடக்கிறது. துண்டு கேட்க ஆளில்லை, காயப்போடவும் ஆளில்லை. கடையின் ரெண்டு பாதிக்கும் ஒரே அருவிதான் சோறு போடுகிறது. இன்றைக்குத்தான் உறைத்தது. மெஷின் இரண்டும் வாயைத் திறந்துகொண்டு கிடக்கின்றன.

அண்ணாச்சி டேப்போடு வந்து என் பாதியை அளந்தார். “சும்மா ஒரு அளவு பாத்து வச்சுக்கிடுதேன், தங்கச்சி.” பல்லைக் கடித்துக்கொண்டு டீ கொடுத்தேன். அவர் போனதும் அழுகை.

ஜூலை 14, திங்கள்

மழை. தடை நீங்கவில்லை. மாடிப்படியில் தட்டுத் தடுமாறி ஒரு மூட்டை இறங்கி வந்தது. அடியில் அண்ணாச்சி.

“அருவிய இன்னைக்குத் தொறப்பான், நாளைக்குத் தொறப்பான்னு ஒருத்தனும் ரூமைக் காலி பண்ண மாட்டேங்கான். தொவச்ச பெட்ஷீட் காயாம நாறுது தங்கச்சி. ஒரு சுத்து விட்டுத் தருவியா?”

இவர் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தார், வேண்டுமென்றே நிதானமாக. அண்ணாச்சி கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மத்தியானத்துக்குள் சேதி பரவி, இலஞ்சி ரோட்டு லாட்ஜிலிருந்து ஆட்டோ நிறைய மூட்டை. அப்புறம் இன்னொரு ஆட்டோ. இனி அருவி திறந்தால் டிரவுசர், அடைத்தால் பெட்ஷீட். எப்படியும் மெஷின் ஓடும். மூன்றாவது ஒன்று வேண்டும். வைக்கத்தான் இடமில்லை.

கடை சாத்தும் முன் அண்ணாச்சியிடம் போய் டேப்பை இரவல் கேட்டேன்.

“எதுக்கும்மா?”

“உங்க கடையை அளக்கத்தான் அண்ணாச்சி. பாதி போதும்.”