யார் தோள் அது?

பென்னலூர்
8.6.2025

அன்புத் தங்கை முத்துச்செல்விக்கு,

ரஞ்சனி அக்கா எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதியதற்குப் பிறகு நான் பேனா பிடித்து எழுதுகிற முதல் கடிதம் இதுதான். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய், வேறு எப்படிப் பேசுவது? உன் ஊர் விலாசத்தை வாங்குவதற்குள் ஹாஸ்டல் வார்டன் என்னைப் போலீஸ்காரர் மாதிரி விசாரித்துவிட்டார்.

ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டாயே. உன் அப்பா வந்து கூட்டிப் போனதாக உன் ரூம் மாரிசெல்வி சொன்னாள். வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்றுதான் முதலில் பயந்தேன். போன் போட்டுப் பார்த்த பிறகுதான் உனக்குக் கோபம் என்மேல் என்று தெரிந்தது. எதற்கென்று மட்டும் தெரியவில்லை.

இங்கே எல்லாம் அப்படியேதான் ஓடுகிறது. லைனில் உன் இடத்துக்கு ஒரு புதுப் பெண் வந்திருக்கிறாள். சூப்பர்வைசர் ராஜசேகர் அவளையும் முத்து என்றே கூப்பிடுகிறார். அவளும் திரும்பிப் பார்க்கிறாள். பஸ்ஸில் உன் சீட் காலியாக வருகிறது. கம்பெனி கேட்டில் நம் போன் கேமராவின் மேல் ஒட்டுவார்களே வட்ட ஸ்டிக்கர், அதை ஷிப்ட் முடிந்ததும் உரித்து முன் சீட்டின் முதுகில் ஒட்டுவோம் அல்லவா? நீ ஒட்டியவை இன்னும் அப்படியே இருக்கின்றன. நான்தான் தினம் ஒன்று சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் அப்பாவும் அதே கார் யார்டு கேட்டில்தான் நிற்கிறார். எங்கள் நிலத்தில் நெல்லுக்குப் பதிலாகப் புதுக் கார்கள் நிற்கின்றன, அதற்கு நிலத்துக்காரரே காவல். காலையில் நம் பஸ் வந்தால் இப்போதும் விறைத்து நின்று சல்யூட் அடிக்கிறார். டிரைவர் சுப்பன் அண்ணனும் ஹாரன் அடித்து, "ரஞ்சனி, உங்க நைனா நம்ம வண்டிக்கு சல்யூட் அட்ச்சிகினு கீறாரு பாரு" என்று கத்துகிறார். பஸ்ஸே சிரிக்கிறது. நானும் சிரித்துக் கையாட்டுகிறேன்.

ஒரு நல்ல செய்தியைச் சொல்லத்தான் துடித்துக்கொண்டிருக்கிறேன். நீ என் தோளில் சாய்ந்து தூங்கியபோது நான் எடுத்த படம், போட்டோ போட்டி ஒன்றுக்கு அனுப்பினேன், இரண்டாம் பரிசு வாங்கிவிட்டது! உன்னைக் கூட்டிப்போய் நேரில் காட்டலாம் என்றுதான் சொல்லாமல் வைத்திருந்தேன். 'விடியல் உறக்கம்' என்று போட்டி நடத்தியவர்களே பெயர் வைத்து ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் பெரிய பிளெக்ஸாக மாட்டியிருக்கிறார்கள். பரிசு கொடுத்தவர் உன் முகத்தில் உழைக்கும் தலைமுறையே தெரிகிறது என்று மைக்கில் பேசினார். ராஜசேகர் பார்த்துவிட்டு, கோட்டின் மேல் பட்டன் போடவில்லையே என்றார். சுப்பன் அண்ணனுக்கு சீட் கவர் சுத்தமாகத் தெரிவதில் பெருமை. ஓரத்தில் என் கை வந்து படத்தைக் கெடுத்தது, அதை மட்டும் வெட்டிவிட்டேன். நீ எவ்வளவு அழகாக இருக்கிறாய் தெரியுமா? பார்த்தால் கோபமெல்லாம் போய்விடும்.

பதில் போடு. இல்லாவிட்டால் வார்டனிடம் மறுபடி பேச்சு வாங்க வேண்டியிருக்கும்.

உன் அக்கா,
ரஞ்சனி


நாங்குநேரி
19.6.2025

ரஞ்சனி அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன்.

படத்தைப் பார்த்தேன். நீங்கள் சொல்வதற்கு முன்பே இங்கே எல்லோரும் பார்த்துவிட்டார்கள். மாரிசெல்வி அந்த பிளெக்ஸை போனில் எடுத்து, எங்க முத்து என்று எழுதி ஸ்டேட்டஸ் வைத்திருந்தாள். அவள் நல்ல மனதோடுதான் வைத்தாள். அவள் ஊர் எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்.

வானமாமலை என்று ஒருவருக்கு என்னைப் பேசியிருந்தார்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஆனி மாதம் பூ வைப்பதாக இருந்தது. அவருடைய அத்தை படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்கே வந்தார்களாம். "யாரு தோளு இது? நீலக் கோட்டு போட்ட ஆம்பள தோளுல்லா இது? பஸ்ஸுல இப்படித்தான் சாஞ்சிக்கிட்டு வருவாளோ உங்க பிள்ள?" என்று கேட்டிருக்கிறார்கள். கம்பெனியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கோட்டுதான் என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அந்த அத்தை சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

அன்று இரவே அப்பா ரயில் ஏறினார். செங்கல்பட்டில் மாறி, சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் விசாரித்து விசாரித்து ஹாஸ்டல் வாசலுக்கு வந்து நின்றார். கையில் பை கூட இல்லை. பெட்டியை எடு என்றார், எடுத்தேன். ரயிலில் மதுரை தாண்டிய பிறகு, "படத்துல ரொம்ப மெலிஞ்சு தெரியுத. அங்க சோறு சரியில்லியா?" என்று மட்டும் கேட்டார். அந்தத் தோள் யாருடையது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அம்மா கேட்டது வேறு. "துப்பட்டா எங்கட்டி போச்சு?"

எனக்கு அழுகை வரவில்லை. கோபமும் அவ்வளவாக இல்லை. காலையில் எழுந்து தண்ணீர் பிடிக்கிறேன், ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போடுகிறேன். தெருவில் போனால் என்னைப் பார்க்கிறார்கள். அவர்கள் பார்ப்பது என்னையா, அந்தப் படத்தையா என்று தெரியவில்லை. நான் தூங்கும்போது எப்படி இருப்பேன் என்று எனக்கே தெரியாது அக்கா. இப்போது ஊருக்கே தெரிகிறது.

வீட்டில் எல்லோருக்கும் என் வணக்கம்.

முத்துச்செல்வி


பென்னலூர்
26.6.2025

என் தங்கமே முத்து,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சிரித்துவிட்டேன். என்னை மன்னித்துக்கொள். என் தோளைப் பார்த்து ஆம்பளை என்று சொல்லிவிட்டார்களே என்றுதான் சிரித்தேன். அப்புறம் மறுபடி படித்தேன். அதற்குமேல் சோறு இறங்கவில்லை.

எங்கள் அம்மாவிடம் சொன்னேன். சின்னப்பொண்ணு அம்மாவைத்தான் உனக்குத் தெரியுமே, யாருக்கும் தாட்சண்யம் பார்க்காது. "இன்னாடி வேல பண்ணிக்கிற நீ? தூங்கறவள படம் புட்ச்சி ஊருக்குக் காட்டுவியா? உன்ன அப்டி எவனாச்சும் புட்சா சும்மா இருப்பியா?" என்று ஆரம்பித்து, நான் வேலைக்குக் கிளம்பும் வரைக்கும் நிறுத்தவில்லை. ஆனால் என் கண்ணுக்கு அதில் வேறெதுவும் தெரியவில்லை முத்து. நைட் ஷிப்ட் முடிந்த களைப்பில் என்னை நம்பி என் தோளில் சாய்ந்து ஒருத்தி தூங்குகிறாள். அதுதான் தெரிந்தது. என்னை அப்படி நம்பியவர்கள் அதிகம் பேர் இல்லை.

கவலைப்படாதே. முழுப் படம் என்னிடம் இருக்கிறது. நான் கையை வெட்டி எறிந்தேன் என்று எழுதினேன் அல்லவா, அந்தக் கையோடு பிரிண்ட் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். உன் தலைக்குக் கீழே என் கோட்டு, கோட்டின் முனையில் என் கை, விரலில் நீ பூசிவிட்ட ரோஸ் நகப்பூச்சு. அது பளிச்சென்று கண்ணை இழுக்கிறதே, உன் முகத்தை விட்டுவிட்டு எல்லோரும் நகத்தைப் பார்ப்பார்களே என்றுதான் வெட்டினேன். என் புத்தியை என்ன சொல்ல! அது இருந்திருந்தால் ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

இதைக் கொண்டுபோய் அந்த அத்தையிடம் காட்டச் சொல். அதற்கும் நம்பவில்லை என்றால் நான் அந்தக் கோட்டையே போட்டுக்கொண்டு நாங்குநேரிக்கு வருகிறேன், வந்து தோளைக் காட்டுகிறேன். பிளெக்ஸை எடுக்கச் சொல்லிப் பேசிவிட்டேன். எடுத்துவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் ஏதோ நகைக்கடை விளம்பரம் சிரிக்கிறது.

எல்லாம் சரியாகிவிடும். கல்யாணம் நடக்கட்டும், நடக்காமல் போகட்டும், நீ வந்துவிடு. ராஜசேகரிடம் பேசி வைத்திருக்கிறேன். ஜன்னல் சீட்டை இனிமேல் நீயே வைத்துக்கொள். நீ இல்லாமல் அந்த பஸ்ஸில் உட்காரவே பிடிக்கவில்லை.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் அக்கா,
ரஞ்சனி


நாங்குநேரி
20.7.2025

ரஞ்சனி அக்காவுக்கு,

நீங்கள் அனுப்பிய படம் வந்தது. நான் அதை யாரிடமும் காட்டவில்லை. அம்மாதான் கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அதை மடியில் செருகிக்கொண்டு வானமாமலை வீட்டுக்கு ஓடினார்கள். அந்த அத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்களாம். "நகத்துல சாயம் பூசிருக்கா பாரு, பொம்பளப் பிள்ள கைதான்" என்று சொல்லிச் சிரித்தார்களாம். மறுநாள் பழம், பூவோடு வந்தார்கள். ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்று அவர்களே தேதியும் சொன்னார்கள். எனக்குக் காபி போட்டுக் கொண்டுவரச் சொன்னார்கள்.

காபியை வைத்துவிட்டு, எனக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொன்னேன். கத்திச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னேன். ஒரு நகப்பூச்சில் நான் கெட்டவளிலிருந்து நல்லவளாகிவிட்டேன். அதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை. வந்தவர்கள் போன பிறகு அப்பா, "வேண்டாமா?" என்றார். "வேண்டாம்" என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டு மாட்டைப் பிடித்துக் கட்டப் போய்விட்டார்.

உங்கள் மேல் கோபமா என்று கேட்பீர்கள். எனக்கு யார்மேலும் எதுவும் தோன்றுவதில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள், எல்லோரும் ஏதாவது சொன்னார்கள். நீங்களும் கையை வெட்டியதற்குத்தான் வருத்தப்பட்டீர்கள், பிறகு கையை ஒட்டி அனுப்பினீர்கள். எடுக்கட்டுமா, அனுப்பட்டுமா, மாட்டட்டுமா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் உங்கள் தோளில்தான் இருந்தேன். எழுப்பிக் கேட்டிருந்தால் சரி என்றுகூடச் சொல்லியிருப்பேன்.

ஒன்றாம் தேதி ஒரகடத்துக்கு வருகிறேன். வேறு கம்பெனி. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஹாஸ்டல். அந்த பஸ் பென்னலூர் வழியாக வராது. கேட்டில் அங்கேயும் ஸ்டிக்கர் ஒட்டுவார்களாம். சீட்டை எனக்காக வைத்திருக்க வேண்டாம், புதுப் பெண்ணை உட்காரச் சொல்லுங்கள். அவள் பெயரை ராஜசேகருக்கு எப்படியாவது ஞாபகப்படுத்துங்கள்.

இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். எனக்கும் போன் இருந்தது, நானும் அந்த பஸ்ஸில்தான் வந்தேன். பொங்கல் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று காலையில் எடுத்தது. நீங்கள் ஜன்னல் ஓரம், நான் பக்கத்தில். வெளியே யார்டு கேட்டில் உங்கள் அப்பா விறைத்து நின்று சல்யூட் அடிக்கிறார். பின்னால் கார்கள். சுப்பன் அண்ணன் ஹாரன் அடித்துக் கத்தியதில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் கையைத் தூக்கி ஆட்டுகிறீர்கள், அதே நகப்பூச்சு. முகத்தை மட்டும் இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள், அப்பா பார்க்கக் கூடாது என்று. கன்னம் முழுக்கக் கண்ணீர். அன்று மட்டுமில்லை, தினமும் அப்படித்தான். நான் பக்கத்தில் இருந்தேன், எனக்குத் தெரியும். அதனால்தான் அந்த இடம் வந்தால் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வேன்.

நானும் உங்களைக் கேட்காமல்தான் எடுத்தேன். ஆனால் யாருக்கும் காட்டவில்லை. இதையும் ஏதாவது போட்டிக்கு அனுப்பியிருந்தால் முதல் பரிசே கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே ஸ்டூடியோவில் ஒரே ஒரு பிரிண்ட் போட்டுக்கொண்டு, போனில் இருந்ததை அழித்துவிட்டேன். இனி இது உங்களுடையது. வைத்துக்கொள்ளுங்கள், கிழித்துப் போடுங்கள், உங்கள் இஷ்டம்.

அப்பாவிடம் மட்டும் காட்டிவிடாதீர்கள். நீங்கள் சிரித்துக் கையாட்டுகிறீர்கள் என்றுதான் அவர் தினமும் அங்கே நிற்கிறார்.

இப்படிக்கு,
முத்துச்செல்வி