பதினெட்டுப் பல் சீப்பு

ஜூன் 4

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் தங்கை புருஷன் எழுதுவது. நானேதான் எழுதுகிறேன், பக்கத்தில் யாரும் இல்லை! அவள் இறந்த பிறகு, உங்களுக்கு எழுத மகளையே நம்பியிருக்க வேண்டாமென்று, இரண்டு வருஷம் முதியோர் வகுப்புக்குப் போய் எழுத்துக் கூட்டக் கற்றேன். இந்த நான்கு வரிக்கே ஒரு காலைப்பொழுது சரியாகிவிட்டது. ஆனால் என்ன சுகம்!

மகள் எழுதிக் கேட்டபடி, பாட்டுப் பெட்டிக்காக நீங்கள் செய்து அனுப்பிய பதினெட்டுப் பல் எஃகுச் சீப்பும், பாட்டைப் புள்ளிகளாகக் குறித்த காகிதமும் வந்தன. காகிதத்தைப் பித்தளை உருளையில் ஒட்டி, புள்ளிக்கொரு துளை, துளைக்கொரு முள் என்று இருநூற்றுப் பதினொன்று அடித்துவிட்டேன். கடைசல் பட்டறையில் பழகிய கை, ஒரு முள்கூடத் தவறவில்லை. கைப்பிடியைச் சுற்றினால் உருளையின் முட்கள் சீப்பின் பற்களை மீட்டும்; அவள் துணி உலர்த்தும்போது முனகும் பாட்டு இனிப் பெட்டிக்குள் இருக்கும். எனக்குப் பாட்டும் வராது, ராகமும் பிடிபடாது. உங்களை நம்பித்தான் இறங்கினேன்.

தங்கள் மைத்துனன்

ஜூன் 19

மச்சானுக்கு,

'அன்புள்ள' போடவில்லை. தெரிந்தேதான்.

பெட்டி பாடியது. அது அவள் பாட்டு இல்லை. மகள் கேட்டுவிட்டு, "என்னப்பா இது? மாமா வேற எதையோ தள்ளிவிட்டுட்டாரு" என்றாள்.

"வயசாச்சும்மா, மறந்திருப்பாரு."

"கடிகாரத்துல ஒரு பல் தேய்ஞ்சாலே கண்டுபிடிக்கிற மனுஷன் மறப்பாரா?"

உங்கள் பழைய கடிதக் கட்டைப் பிரித்தேன். எல்லாம் உங்கள் தங்கை வாசிக்க நான் கேட்டவை. "அண்ணன் முதல்ல உங்களைத்தான் விசாரிச்சிருக்கார், பாருங்க" என்பாள், ஒவ்வொரு தடவையும். விரல் வைத்துப் படித்தேன். நாற்பத்திரண்டு கடிதத்தில் என்னைப் பற்றி ஒரு வரி இல்லை.

பட்டறைக்காரனுக்கு உங்கள் அப்பா பெண் கொடுத்த கோபம் இன்னும் ஆறவில்லையா? அதனால்தான் பாட்டை மாற்றினீர்களா?

இப்படிக்கு,
பட்டறைக்காரன்

ஜூன் 30

மாப்பிள்ளைக்கு,

பாட்டு அதேதான். கைப்பிடியை எந்தப் பக்கம் பொருத்தினீர்கள்? நான் வலப்பக்கத்துக்குக் கணக்குப் போட்டுப் புள்ளி வைத்தேன். இடப்பக்கம் பொருத்தி, திருகு முறுக்குவது போலச் சுற்றினால் உருளை பின்னோக்கி ஓடும். பாட்டு வாலில் தொடங்கித் தலையில் முடியும். கல்யாணமான மறுவாரமே தங்கை எழுதியிருந்தாள்: "அவருக்கு எல்லாமே இடது கைதான் அண்ணா, பூட்டைக்கூட இடது கையால்தான் திறக்கிறார்." மறந்தது என் தப்பு.

விசாரிக்காததும் உண்மைதான். கோபம் இருந்தது. ஆனால் என்னிடமும் ஒரு கட்டு இருக்கிறது. அவளுடைய ஒவ்வொரு கடிதமும் "அவர் உங்களை ரொம்ப விசாரித்தார்" என்றுதான் முடிகிறது. அதைப் படித்துப் படித்தே என் கோபம் தேய்ந்தது. இப்போது எனக்கும் ஒரு சந்தேகம். நீங்கள் அப்படிச் சொன்னீர்களா?

தங்கையின் அண்ணன்

ஜூலை 12

அன்புள்ள மச்சானுக்கு,

எதிர்ப்பக்கமாகச் சுற்றினேன். அவளேதான். மகள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: இல்லை. ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. "அண்ணனுக்கு என்ன எழுதட்டும்?" என்பாள். "உன் அண்ணன், உன் பாடு" என்பேன். கள்ளி! இரண்டு பேரையும் ஏமாற்றியிருக்கிறாள்.

மச்சான், உடம்பு எப்படி இருக்கிறது? முழங்கால் வலி உண்டா? இதை எனக்காக யாரும் சேர்த்து எழுதவில்லை. வேண்டுமானால் எழுத்தின் கோணலைப் பாருங்கள்.

இடது கையால் எழுதியது,
உங்கள் மைத்துனன்