மருந்துக்கட்டை

என் உசிருக்கு உசிரான அந்தோனி மச்சான்,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. றொசல்லையில் மழை விட்டபாடில்லை. நீ இருந்திருந்தால் இந்நேரம் கம்பளியை மூக்கு வரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஆண்டவர் இந்த ஊருக்கு மட்டும் குழாயை மூட மறந்துவிட்டார் என்று சொல்லியிருப்பாய். அதைக் கேட்டு உன் தங்கச்சி மரியாயி, சாமியைப் போய் இப்படிப் பேசுறியே என்று உன்னைத் திட்டியிருப்பாள். இப்போது வீட்டில் திட்டு வாங்க ஆள் நான் ஒருத்தன்தான்.

இதை உன் கல்லறைக்கே வந்து சொல்லியிருக்கலாம். ரெண்டு தடவை வந்தேன். மெழுகுவர்த்தியைப் பற்றவைத்தேன், நின்றேன், பேசாமல் திரும்பிவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன், நாலு பேர் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன். உன்னிடம் மட்டும் தனியாகச் சொன்னால் நீ மன்னித்துவிடுவாய். அது எனக்கு ரொம்ப வசதியாகப் போய்விடும்.

தோட்டத்து லயத்து வரிசை வீட்டை விட்டு இந்தத் தனிவீட்டுக்கு வந்தபோது எல்லாரும் சந்தோசப்பட்டோம். குளிர் வந்த பிறகுதான் விசயம் தெரிந்தது. லயத்தில் ரெண்டு பக்கமும் அடுத்த வீட்டு அடுப்பு சுவரைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். தனிவீட்டில் நாலு பக்கமும் மழை. உன் வீட்டுக்காரி செத்த பிறகு நீ எங்களோடு வந்து இருந்தாய். முப்பது வருடம் முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு தேயிலைக்கு மருந்தடித்த நெஞ்சு உன்னுடையது. குளிர் பட்டால் போதும், இழுப்பு வந்துவிடும்.

நான் மேசன். இந்தப் பக்கத்துத் துரை பங்களாக்கள் ஹோட்டலாக மாறினபோது, அடைத்துக் கிடந்த சிமினிகளைத் திறந்து கட்டினவன். ஊருக்கெல்லாம் குளிர்காய அடுப்பு கட்டினவனுக்குத் தன் மச்சானுக்கு ஒன்று கட்ட முடியாதா? முன்னறைச் சுவரை இடித்து, மிச்சம் கிடந்த செங்கல்லில் கட்டினேன். கட்டி முடித்ததும் உன்னைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்தேன். நீ சிமினியை அண்ணாந்து பார்த்து, இனி எனக்கு ஒரு தொரைசானிதான் குறைச்சல் என்றாய்.

விறகைப் பற்றியும் எனக்கு எல்லாம் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். பங்களாவில் விறகு பார்க்கிறவர் சொல்லித் தந்ததை உனக்கும் மரியாயிக்கும் பாடமே எடுத்தேன். சவுக்கு நல்லது, ஆனால் வெட்டிப் பிளந்து ஒரு வருடமாவது காற்றில் காய வேண்டும். பைன் பொறி தெறிக்கும், சிமினிக்குள் பிசின் கரியாய் அப்பிக்கொள்ளும். கவ்வாத்து வெட்டின தேயிலை மிலாறுக் குச்சி பற்றவைக்க மட்டும்தான், அதுவும் மருந்தடித்த மலையில் பொறுக்கக் கூடாது. பெயின்ட் அடித்த பலகையும், பழைய தேயிலைப் பெட்டிப் பலகையும் வீட்டுக்குள் கூடவே கூடாது. ரெண்டு கட்டையைத் தட்டினால் டங்கென்று கேட்க வேண்டும், சொத்தென்று கேட்டால் உள்ளே ஈரம். இவ்வளவும் தெரிந்தவன்தான் மச்சான் நான்.

போன வருட மழையில் சவுக்கு முழுக்க நனைந்துவிட்டது. எரிய வைத்தால் புகைந்தது, நீ இருமினாய். வீட்டில் காய்ந்து கிடந்தது ஒன்றே ஒன்று, தாழ்வாரத்தில் அடுக்கியிருந்த சிலிப்பர் கட்டை. ரயில் பாதைக்குச் சிமெந்துக் கட்டை போட்டபோது கழற்றிப் போட்டதில் எட்டை, வேலிக்கு வைத்துக்கொள் என்று சுனில் தந்திருந்தான். சுனிலை உனக்குத் தெரியும், பாதையில் கேங் வேலை செய்கிறவன், நம்மோடு பந்து விளையாடின சுனில். தரும்போது பாதி சிங்களம் பாதி தமிழில் சொன்னான்: "சூசை, மே பெஹெத் தாப்பு லீ. மருந்து போட்ட கட்டை. நூறு வருசம் நிக்கும்." சத்தம் போடாமல் எடுத்துப் போ என்றும் சொன்னான்.

அந்தக் கட்டையில் ஒன்றை அறுத்து வைத்தேன். ஒரே தீக்குச்சியில் பிடித்தது. கறுப்பாய் எண்ணெய் பொங்கிப் பொங்கி எரிந்தது, அறை முழுக்க வாசம். தைலம் தேய்த்த மாதிரி இருக்கிறதே என்றாள் மரியாயி. சளி பிடித்தால் டர்பன்டைன் என்கிற தைலமரத்து இலையை வேகவைத்து ஆவி பிடிக்கிற ஊர்தானே நம் ஊர்? மூக்கில் ஏறுகிற வாசம் எல்லாம் நெஞ்சுக்கு நல்லது என்று நம்புகிற சனம்தானே? நான் சுனில் சொன்னதைச் சொன்னேன். மருந்து போட்ட கட்டையாம், உனக்கென்றே வந்திருக்கிறது என்றேன். அன்றைக்கே அதற்கு மருந்துக்கட்டை என்று பேர் வைத்துவிட்டோம்.

நீ அப்போது என்னைப் பார்த்துக் கேட்டாய்: "மாப்ள, எந்த மருந்து?"

நான் சிரித்தேன். உனக்கு வேண்டிய மருந்துதான் என்று சொல்லி, உன் கதிரையை நெருப்புக்கு இன்னும் கிட்டத் தள்ளிவைத்தேன். இந்தத் தோட்டத்தில் மருந்து என்றால் என்ன என்று உன்னை விட யாருக்குத் தெரியும்? மருந்தடித்த மலை என்றால் மாட்டைக் கூட அந்தப் பக்கம் விடமாட்டோம். அந்த வார்த்தையை ஆயிரம் தடவை அந்த அர்த்தத்தில் சொன்ன வாய், அன்றைக்கு மட்டும் ஆஸ்பத்திரி மருந்தை நினைத்துக்கொண்டது. படித்தவன் செய்கிற பிழை இல்லை, படிக்காதவன் செய்கிற பிழையும் இல்லை. என்னை மாதிரி பாதி தெரிந்த ஆள்தான் செய்வான்.

அடைமழையும் மூடுபனியும் இருக்கும்போது சிமினி புகையைச் சரியாக இழுக்காது. அது மேசனுக்குத் தெரியும். தெரிந்தும், நான் கட்டின சிமினி புகை கக்கும் என்று ஒத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. ஆறு மாதம் அப்படியே எரித்தோம். நீ அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாய்.

அப்புறம் ஆஸ்பத்திரி. டாக்டர் உன் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பி, வீட்டில் என்ன எரிக்கிறீர்கள் என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு அந்த நேரத்தில் சுனில் நினைவுக்கு வந்தான். ரயில் கட்டை என்று சொன்னால் எங்கே எடுத்தாய் என்று கேட்பார்களே, அவன் வேலைக்கு ஆபத்தாகுமே, நம்மைத் திருடன் என்பார்களே என்று பயந்தேன்.

"சவுக்கு ஐயா. நல்லா காஞ்ச சவுக்கு."

நீ கட்டிலில் படுத்தபடி என்னைப் பார்த்தாய். டாக்டர் எழுதிக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்கு வந்த பிறகும் அதே கட்டையை எரித்தேன். அடுத்த மாதம் உன்னைப் புதைத்தோம்.

உன் முப்பத்தோராம் நாள் பூசைக்குச் சுனில் வந்தான். சாப்பிட உட்கார்ந்தவன் அடுப்பில் கிடந்த பாதி எரிந்த துண்டைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். இதை ஏன் உள்ளே எரித்தாய், கறையான் கூட வாய் வைக்காத விசம் ஊறின கட்டை, வேலிக்குத்தானே தந்தேன், மருந்து போட்டது என்று சொல்லித்தானே தந்தேன் என்றான். மரியாயி பின்கட்டில் பந்திக்குச் சோறு எடுத்துக்கொண்டிருந்தாள், அவள் காதில் விழவில்லை. நான் அவனை வெளியே கூட்டிப் போய், யாரிடமும் சொல்லாதே என்றேன். மிச்சக் கட்டையைக் கக்கூசுக்குப் பின்னால் அடுக்கி, தார்ப்பாயைப் போட்டு மூடினேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

டாக்டரிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் நீ பிழைத்திருப்பாயா? முப்பது வருடம் டேங்க் சுமந்த நெஞ்சு அது, எப்படியும் போயிருக்கும் என்று ஒரு மனசு சொல்கிறது. அந்த மனசு என்னைக் காப்பாற்றத்தான் பேசுகிறது என்று எனக்கே தெரிகிறது.

நேற்று எங்கள் மகள், உன் மருமகள் ரெஜினா கைக்குழந்தையோடு கொழும்பிலிருந்து வந்தாள். பொம்பளைப் பிள்ளை மச்சான், உன் மூக்கு அப்படியே. இன்றைக்கு விடிந்ததுமே பிள்ளைக்குத் தும்மல். நான் கடையிலிருந்து வந்து பார்த்தால், மரியாயி தார்ப்பாயை விலக்கி ஒரு துண்டை எடுத்துவந்து அடுப்பில் வைத்திருக்கிறாள். மண்ணெண்ணெய் ஊற்றி, தீப்பெட்டியும் கையில். "அண்ணனுக்கு வச்சிருந்தது மிச்சம் இருக்குங்க. புள்ளைக்கு நெஞ்சு கட்டாம இருக்கும்" என்கிறாள்.

நான் தீப்பெட்டியைப் பிடுங்கினேன். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். சுனில் சொன்னது, டாக்டர் கேட்டது, நான் சொன்ன பொய், பூசை நாளில் மறைத்தது, எல்லாம். ரெஜினா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டாள். மரியாயி தரையில் உட்கார்ந்தாள். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அண்ணனுக்குத் தெரியும்ங்க" என்றாள். "டேங்க் வாசம் மாதிரி அடிக்குது தங்கச்சின்னு எங்கிட்ட சொன்னுச்சு. நான்தான் வாய மூடுன்னேன். ஒனக்காக மனுசன் செவத்த இடிச்சு கட்டிக் குடுத்திருக்காரு, கொறை சொல்லாதன்னேன். அதுக்கப்புறம் அது சொல்லவேயில்ல."

உனக்குத் தெரிந்தே உட்கார்ந்திருந்தாயா மச்சான்? என் மனசு நோகக் கூடாது என்று, ஆறு மாதமா? ஒரு தடவை என்னைக் கெட்ட வார்த்தையால் திட்டி எழுந்து போயிருக்கக் கூடாதா? இதற்கு மட்டும் நீ பதில் சொல்லாமல் போனது எனக்குத் தாங்கவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. அறுத்த துண்டுகளை நான் நமக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. மருந்துக்கட்டை, நெஞ்சுக்கு நல்லது என்று பெருமையாக நாலு வீட்டுக்குத் தந்திருக்கிறேன். அதை மரியாயியிடம் சொன்னபோதுதான் அவள் எழுந்தாள். குடையை எடுத்தாள். "நானும் வர்றேன். என் பங்கையும் நான் சொல்லணும்" என்றாள்.

மூன்று வீட்டுக்குப் போனோம். முதல் வீட்டில் நம்பவில்லை. ரெண்டாவது வீட்டில், அப்போ அந்தோனி அண்ணன் செத்தது இதனாலயா என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். இருக்கலாம் என்றேன். மூன்றாவது வீட்டில் கட்டையை எடுத்துத் தந்து கதவைச் சாத்தினார்கள். எல்லாவற்றையும் சுமந்து வந்து முற்றத்தில் போட்டோம், குழி வெட்டிப் போடுவதா என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை. சுனிலிடம் கேட்க வேண்டும்.

நாலாவது, லெச்சுமி வீடு. கொழுந்து நிறுக்கிற இடத்தில் நிற்பாளே, சின்ன வயதிலிருந்தே இழுப்புக்காரி, அவள். இழுப்புக்காரி என்பதால் அவளுக்கு மட்டும் அதிகமாகத் தந்தேன். வீடு பூட்டிக் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே வரைக்கும் அந்த வாசம் வந்தது. பக்கத்து வீட்டில் கேட்டோம். காலையில் மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றார்கள்.

அடுத்த பஸ் வருகிற வரைக்கும்தான் இதை எழுதினேன், இதோ கிளம்புகிறோம் மச்சான், மரியாயி சேலை மாற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். அதே வார்டுதான், அதே டாக்டராகத்தான் இருப்பார். திருடன் என்றாலும் சொல்லட்டும், கொலைகாரன் என்றாலும் சொல்லட்டும். உன் மேல் சத்தியம், இந்தத் தடவை அவர் கேட்கிற வரைக்கும் நான் காத்திருக்கமாட்டேன்.

உன்னை நெருப்புக்குக் கிட்டத் தள்ளிவைத்த
உன் தங்கச்சி புருசன்,
சூசை