மச்சத்துக்குக் கீழே இருந்த கோடு

காசிமேடு
26.7.2003, சனிக்கிழமை

அன்புள்ள தம்பி அர்ஜுனுக்கு, அக்கா அம்மு எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கேயும் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

பூத்தில் பேசலாம் என்றால் ஜெயவேல் கடையில் பாதிக் குப்பம் நிற்கிறது. அதனால்தான் பெங்களூர் போகும் மஜீது அண்ணனின் மீன் வண்டியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். காலையில் உன் கையில் கிடைத்துவிடும். வாடை அடித்தால் முகம் சுளிக்காதே, அந்த வாடையில் வளர்ந்தவன்தான் நீ.

உன் மாமாவுக்கு உணவுக்குழாய்ப் புற்றுக்கட்டிக்குக் கரண்டு வைப்பது, அதுதான் அந்தக் கதிர் வைத்தியம், பாதி முடிந்துவிட்டது. கஞ்சி இறங்குகிறது. போன வாரம் இட்லிகூடத் தின்றார். நெஞ்சிலும் இரண்டு விலாவிலும் ஆஸ்பத்திரியில் கோடு போட்டு, கதிர் விழ வேண்டிய இடத்துக்கு இதுதான் அடையாளம், தண்ணீரே படக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். நேற்று ஆடி வெள்ளி. மகன் பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட என் மாமியார் பவுனம்மாள், கூழ் ஊற்றிய கையோடு ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை அவர் தலையில் கவிழ்த்துவிட்டது. அதைத் திட்டவும் மனசு வரவில்லை.

கோடு போய்விட்டது. இவர் என்ன செய்தார் தெரியுமா? ஏலத்துக்குப் போகும் மீன் பெட்டியில் அடையாளம் போடும் பேனாவை எடுத்து, கண்ணாடியைப் பார்த்துத் தானே போட்டுக்கொண்டார். யாரிடமும் சொல்லாமல் மதியம் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தக் கோட்டிலேயே கரண்டும் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். இடது விலாக் கோடு மச்சத்துக்கு ஒரு விரல் கீழே இருந்தது. இன்று உடம்பைத் துடைத்துவிடும்போது பார்க்கிறேன், மச்சத்தின் மேலேயே ஓடுகிறது.

ஆஸ்பத்திரியில் சொல்லிவிடலாம் என்றேன். கோடு அழிந்த ஒரு ஆளை மறுபடி ஸ்கேனுக்கு அனுப்பி, அந்த ஆளின் முறை நாள்கணக்கில் தள்ளிப் போனதை இவர் பார்த்திருக்கிறார். அந்தப் பயம். அதோடு உன் பேச்சு வேறு. மெஷினிலிருந்து கோட்டின் மேல் விழும் சிவப்பு வெளிச்சமும் கதிரும் ஒரே இடத்தில் விழுகிறதா என்று பார்க்கும் புரோகிராமைச் சோதிப்பதுதான் உன் வேலை, மயிரிழை தப்பினாலும் மெஷின் நின்றுவிடும் என்று பொங்கலுக்கு வந்தபோது சொன்னாயே, அதைப் பிடித்துக்கொண்டார். “உன் தம்பி சொன்னான்ல, தப்புன்னா மெஷினே நின்னுடும்னு. நின்னுச்சா? அப்பால இன்னாத்துக்கு பேஜாரு பண்ணிகினு கீற” என்கிறார்.

மெஷின் தன் வெளிச்சம் சரியா என்றுதானே பார்க்கும்? உடம்பில் இருப்பது யார் போட்ட கோடு என்று அதற்கு எப்படித் தெரியும்? ஒரு விரல் தள்ளி நுரையீரலில் விழுந்ததா, இதயத்தில் விழுந்ததா என்று அந்த மச்சத்துக்குக் கீழே விரலை வைத்து வைத்து அளந்து பார்க்கிறேன். நான் நினைப்பது தப்பாக இருக்கக் கூடாதா என்று இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் வாயைத் திறக்க மாட்டேன் என்று அவர் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டார். திறந்தால் கரண்டே வேண்டாம் என்று போட் ஏறிவிடுவாராம். செய்யக்கூடிய ஆள்தான். ஆனால் என் கையைக் கட்டிப்போடவில்லையே. திங்கட்கிழமை அங்கே வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது, அரிப்புக்குத் தடவுகிற சாக்கில் தேங்காய் எண்ணெய் போட்டு மூன்று கோட்டையும் அழித்துவிடலாம் என்று இருக்கிறேன். அங்கே அவரிடம் பேனா இருக்காது. அவர்களே அளந்து புதிதாகப் போட்டாக வேண்டும். ஆனால் நாள் தள்ளிப் போகும். அதுவரை கட்டி சும்மா இருக்குமா என்றும் பயமாக இருக்கிறது.

எது பெரிய ஆபத்து என்று உனக்குத்தான் தெரியும். நாளை சாயங்காலம் ஜெயவேல் கடைக்குப் போன் பண்ணு. எனக்குத் தைரியம் சொல்வதற்காகப் பொய் சொல்லாதே. கூட்டத்தில் விளக்கமெல்லாம் வேண்டாம். அழிப்பதுதான் சரி என்றால் ‘அழி’ என்று மட்டும் சொல், போதும். எண்ணெயைப் பையில் எடுத்து வைத்துவிட்டேன்.

அம்மன் உன்னைக் குறையில்லாமல் வைக்கட்டும். மாமாவைத் திட்டிவிடாதே தம்பி. உன் பேச்சை நம்பித்தான் நேற்று அந்த மெஷினில் பயமில்லாமல் படுத்தார்.

உன் போனுக்குக் காத்திருக்கும் அக்கா,
அம்மு