அறுக்காமல் விட்ட கம்பி

கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, வீடு பூரா கண்ணாடி தேடும் என் அண்ணாவுக்கு,

வருகிற கார்த்திகையோடு நீ போய் இரண்டு வருஷம். போன வருஷம் உன் போட்டோவைப் பெரிதாகப் போட்டு பஸ் ஸ்டாண்டு சுவரெல்லாம் கண்ணீர் அஞ்சலி ஒட்டினேன். ‘திருத்தணியைக் கட்டிய கை’ என்று நானே எழுதிக் கொடுத்தேன். அச்சாபீஸ்காரர், “மேஸ்திரி, கொஞ்சம் ஓவரா இல்ல?” என்று சிரித்தார். இந்த வருஷம் போஸ்டர் கிடையாது. இந்தக் கடிதத்தைத்தான் நோட்டீஸாக அடிக்கப் போகிறேன்.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். மலையடிவாரத்தில் நீ பிளான் போட்டு நான் கட்டிய லாட்ஜ் விழுந்துவிட்டது. முழுசாக இல்லை, பின்பக்கம் மட்டும். ஐப்பசி மழை மூன்று நாள் விடாமல் அடித்தது. நான்காம் நாள் காலை பதினோரு மணிக்குச் சரிந்தது. ரூமெல்லாம் காலி. வராண்டா துடைத்துக்கொண்டிருந்த கோவிந்தம்மா மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டாள். பள்ளிப்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வேலைக்கு வருகிறவள். வெளியே எடுத்தபோது உயிர் இல்லை. ஈரத்துணி கையிலேயே இருந்தது அண்ணா.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள், அதனால் கொஞ்சம் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அரக்கோணத்தில் ஒரு இன்ஜினியரிடம் பிளான் நகல் எடுக்கிற வேலைக்குப் போனவன் நீ. ரயில் கூட்டத்தில் சுருட்டிய பேப்பரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடியே போய் வந்தாய். டிப்ளமோவை மூன்றாவது தடவையில் பாஸ் பண்ணினாய். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ரூம் எடுத்து போர்டு மாட்டினாய். கனகம்மாசத்திரத்துக் கல்யாண மண்டபம், இங்கே இருக்கிற லாட்ஜில் பாதி, கணக்கில்லாத வீடு. எல்லாமே நீ பேப்பரில் போட்டது, நான் மண்ணில் போட்டது.

உன் லாட்ஜ் எதிலும் படி ஆறு அங்குலத்துக்கு மேல் உயராது. “மலை ஏறி எறங்கி வர்றவன் முட்டி இன்னாடா ஆவும்?” என்பாய். மொட்டை போட்டு வருகிறவர்கள் குனிந்து தலை கழுவ, தாழ்வாக ஒரு குழாய் கண்டிப்பாக இருக்கும். ஓனர்கள் இடம் வீணாகிறது என்று கத்துவார்கள். நீ பிளானைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிடுவாய். இந்த முரட்டுப் பிடிவாதத்தால் எத்தனை வேலை கையை விட்டுப் போயிற்று! நான் உன்னைத் திட்டாத நாள் இல்லை.

இப்போது கம்பி விஷயத்துக்கு வருகிறேன். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

நம் பக்கம் எந்த வீட்டு மாடியைப் பார்த்தாலும் பில்லர் தலையில் நாலடிக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் மாடி ஏற்றினால் ஆகும் என்று விட்டு வைப்பது. ஏற்றுகிறார்களோ இல்லையோ, கம்பி இருந்தால் ஒரு கெத்து, இன்னும் வளரப்போகிற வீடு என்று. உனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. அஸ்திவாரம் தாங்காத இடத்தில் கம்பி விடுவது ஊரை ஏமாற்றுகிற வேலை என்பாய்.

அந்த லாட்ஜுக்கு நீ போட்டது தரைத்தளமும் ஒரு மாடியும்தான். அடியில் மண் சரியில்லை என்று முதல் நாளே சொன்னாய். மேல் தளம் போட்ட அன்று நீ கனகம்மாசத்திரம் போயிருந்தாய். ஓனர் என்னிடம் வந்தார். “மொட்டையா முடிச்சா நாலு பேரு இன்னா நெனப்பான் மேஸ்திரி? கம்பி உடு,” என்றார். நான் விட்டேன். நாலடிக் கம்பிதானே, என்ன ஆகிவிடும்?

நீ வந்து பார்த்துவிட்டு என்னோடு பத்து நாள் பேசவில்லை. பதினோராம் நாள், “அறுத்துட்டியாடா?” என்றாய். “அறுத்துட்டேண்ணா,” என்றேன். அறுக்கவில்லை. நீ மறுபடி மேலே ஏறிப் பார்க்கவே இல்லை. தம்பி சொன்னால் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டாயா?

நீ போன மறு வருஷம் ஓனர் வந்தார். “உங்கண்ணன் கம்பி உட்டுட்டு போயிருக்காரு. இன்னும் ரெண்டு மாடி ஏத்தலாமா?” என்றார், கம்பி விடச் சொன்னதே தான்தான் என்பதை மறந்தவர் போல. அங்கேயாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பிளானை எடுத்தாவது பார்த்திருக்க வேண்டும். “ஆங், ஏத்தலாங்க,” என்றேன். நான் விட்ட கம்பியை, வருஷம் போகப் போக, நீ விட்டதாக நானே நம்ப ஆரம்பித்திருந்தேன். பாவி நான், இரண்டு மாடியும் ஏற்றி, அதற்கு மேல் தண்ணீர் டாங்கும் வைத்தேன்.

விழுந்த அன்று போலீஸ் கேட்டபோது என்ன சொன்னேன் தெரியுமா? “பிளான் அண்ணனோடதுங்க. அவரு சொன்னாப்ல கட்டினேன்.” ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை. செத்தவன் வந்து இல்லை என்று சொல்லவா போகிறான்?

இரண்டு நாளில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. உன் ஆபீஸ் போர்டில் யாரோ சாணியைக் கரைத்து அடித்திருந்தார்கள். அண்ணி வாளியும் தேங்காய் நாரும் எடுத்து வந்து பட்டப்பகலில், கடைக்காரர்கள் எல்லாம் பார்க்க, உன் பெயரைத் தேய்த்துக் கழுவினாள். நான் தண்ணீர் ஊற்றினேன். “உங்கண்ணன் அப்பிடி பண்றவரு இல்லப்பா. கூடவே இருந்துகினு இருந்தவன் நீ. நீயே சொல்லு,” என்றாள். நான் அடுத்த செம்பை ஊற்றினேன்.

போன வாரம் உன் பழைய பிளானையெல்லாம் பிரித்து உட்கார்ந்திருந்தாள். அந்த லாட்ஜ் பிளான் கையில் இருந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் நீ எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டி எனக்கே படித்துக் காட்டினாள். ‘ஒரு மாடி மட்டும். மேலே கம்பி விடக் கூடாது.’ அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள்.

“அப்போ கம்பி யாரு உட்டது?”

“நான்தான் அண்ணி.”

அழுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். பிளானைச் சுருட்டி என் மடியில் வைத்தாள். “எங்கிட்ட வந்து சொன்னா ஆச்சா? ஊரு பாக்க அவரு மேல பூசினாங்க. ஊரு பாக்க சொல்லு,” என்றாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்குத் தண்ணீர்கூட வருவதில்லை. சரிதானே?

அதனால்தான் அண்ணா இந்தக் கடிதம். இது ஊர்க்காரர்கள் கைக்குப் போகிற காலையில் நான் உன் பிளானோடு ஸ்டேஷனில் இருப்பேன். அதற்கு முன்தினம் பள்ளிப்பட்டு போய் கோவிந்தம்மாவின் வீட்டுக்காரரைப் பார்ப்பேன். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை, அவர் எதற்கு மன்னிக்க வேண்டும்? அவள் சாவுக்கு யார் காரணம் என்று அந்த மனுஷனுக்குச் சரியாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றை உனக்கே இப்போதுதான் சொல்கிறேன். கம்பி வேண்டாம் என்று நீ சொல்லியும் நான் விட்டது அந்த ஒரு லாட்ஜில் மட்டும் இல்லை. இன்னும் ஒன்பது வீடு இருக்கிறது. ஒன்பதிலும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், கீழே பிள்ளைகள் விளையாடுகின்றன. அந்த வீட்டுக்காரர்களின் பெயர்களை நோட்டீஸின் பின்பக்கம் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். மாடி ஏற்றாதீர்கள், அந்தக் கம்பி பொய் என்று பெரிய எழுத்தில் போடச் சொன்னேன். என்னை உள்ளே வைப்பதற்குள் எத்தனை வீட்டுக்குப் போக முடியுமோ அத்தனை வீட்டுக்கும் ரம்பத்தோடு போவேன். மீதியை வெளியே வந்ததும் அறுப்பேன். இந்தத் தடவை அறுத்துவிட்டுத்தான் உன்னிடம் சொல்வேன்.

நீ நம்பிய, நம்பியிருக்கக் கூடாத,
உன் கூடப்பிறந்த தம்பி