சாட்சிக் காயில் நடுவில் வந்த தாள்

என்னைக் கோபக்காரி என்று கூப்பிட்டே வளர்த்த என் கிரேஸ் அக்காவுக்கு,

அந்தக் கோபம் குறையவில்லை. இன்றைக்குக் கூடித்தான் இருக்கிறது. நீ போன பிறகு திருப்பதிக் கம்பெனியில் உன் மேஜையை எனக்கே கொடுத்தார்கள், தெரியுமா? சித்தூரிலிருந்து அதே ரயில், பாகாலாவில் அதே கூட்டம். காயில் என்கிற கம்பிச்சுருள்களை அளக்கும் அந்த வெளிநாட்டு மீட்டரும் ஒன்றும் அறியாததுபோல அங்கேயே உட்கார்ந்திருக்கிறது.

அன்றைக்கு மேனேஜர் எல்லார் முன்னாலும் தாளை ஆட்டினாரே. "காயில் எல்லாம் கெட்டதுன்னு மெஷின் அடிச்சிக் குடுத்துக்குது. நீ நல்லதுன்னு கையெழுத்து போட்டுக்கிற. யார்கிட்ட இன்னா வாங்கின?" நீ சொன்னது ஒரே பேச்சு: "கண்ணால பாத்துக்கினேதான் அளந்தேன் சார். எல்லாம் நல்ல காயிலு." யார் கேட்டார்கள்? மெஷின் பொய் சொல்லாதாம். என் அக்கா மட்டும் சொல்வாளா?

வேலை போனதுகூடப் பெரிதில்லை. சர்ச்சில் முன்வரிசையில் உட்கார்ந்து பைபிள் வாசித்தவள் கடைசி வரிசைக்குப் போனாயே, அதுதான் எனக்கு ஆறவே இல்லை. காமாலையில் கடைசியாகப் படுத்திருந்தபோதும் "நைனா என்னை நம்பறாரா?" என்றுதான் கேட்டாய்.

போன வாரம் எனக்கும் அதே கதை. சாயங்காலம் அளந்த பெட்டியில் காயில் எல்லாம் கெட்டவை என்று திருப்பி அனுப்பினேன். கெட்டதை எதற்குத் தாளில் அடிப்பது என்று விட்டுவிட்டேன். எல்லாரும் அப்படித்தானே விடுவோம்? மறுநாள் நல்ல காயில்களை அளந்து பிரிண்ட் பட்டனைத் தட்டினால், நேற்றைய கெட்ட எண்கள் வருகின்றன. அளப்பதையெல்லாம் மீட்டர் வரிசையாக உள்ளே சேர்த்து வைக்கிறது. அணைத்தாலும் உள்ளிருக்கும் பேட்டரி அதைக் காப்பாற்றுகிறது. கேட்டால் பழையதைத்தான் முதலில் கொடுக்கிறது. ஒரு பெட்டிக்கு உண்டான எண்கள் வந்ததும் பிரிண்டர் நின்றுவிடும். புதியதில் மீதி உள்ளேயே கிடக்கும்.

ஓடிப்போய் ஃபைலிலிருந்து உன் தாளை எடுத்தேன். காலையில் முதல் வேலையாக, அளவு தெரிந்த அந்தப் பெரிய காயிலை அளப்பாயே, 'சாட்சி' என்று பேர் வைத்து. "இன்னாம்மா, பூஜையா?" என்று மேனேஜர்கூடச் சிரிப்பாரே. முதலில் வரவேண்டிய அந்தச் சாட்சியின் எண் தாளின் நடுவில் இருக்கிறது, அக்கா. அதற்கு மேலே இருப்பதெல்லாம் முந்தின நாள் பாதிப் பெட்டியோடு நீ விட்ட கெட்டவை. கீழே இருப்பதெல்லாம் நீ அன்று அளந்த நல்லவை. மேலே பார்த்த மனுஷன் கீழே பார்க்கவே இல்லை.

மேனேஜரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "அட, ஆமா. பழசை அழிச்சிட்டு அளங்கன்னு போர்டு எழுதி மாட்டிடலாம்" என்றார். உன்னைப் பற்றிக் கேட்டதற்கு, "செத்துப் போனவங்களுக்கு இப்போ இன்னாத்துக்கும்மா?" என்கிறார். மீட்டருக்குப் போர்டு, உனக்கு ஒன்றுமில்லையா?

இன்று சாட்சியை அளந்தேன், காயில்களையும் அளந்தேன். தாளில் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. கையெழுத்தில்லாததால் சரக்கு ஏறாமல் லாரி வாசலில் நிற்கிறது. மேனேஜர் வந்து கத்தினார். "எங்க அக்கா லஞ்சம் வாங்கிச்சின்னு எல்லார் முன்னாலயும் சொன்னீங்க. அதே இடத்துல நின்னு இல்லன்னு சொல்லுங்க சார். பழசு வெளிய வந்தப்புறம்தான் புதுசு" என்றேன்.

வேலை போனாலும் போகும். நேற்றே நைனாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறி எழுந்து, "அவ கையெழுத்து பொய்யாவாதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். நீ உட்றாத" என்றார். உன்னிடமே அதைச் சொல்லியிருக்கக் கூடாதா அந்த மனுஷன்?

மேனேஜர் தன் வாயால் சொல்லும்வரை என் பேனா திறக்காது, அக்கா. வருகிற ஞாயிறு முன்வரிசையில் உன் இடத்தில் நான் உட்காருவேன். பக்கத்தில் நைனா உட்காருவார்.

நீ அடக்கியும் அடங்காத உன் தங்கச்சி,
லில்லி